ஒன்பது நாளில் ஏழு ஊர்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். உங்கள் பயணக் கட்டுரைகளைத் தொடர்ந்து படிக்கிறேன். நானும் கல்லூரித் தோழர்கள் இருவரும் முதல்முறையாக வெளிநாடு போகிறோம். வியட்நாம் என்று முடிவு செய்துவிட்டோம். தீபாவளியை ஒட்டி ஒன்பது நாள் விடுப்பு கிடைக்கும். ஆளுக்கு அறுபதாயிரம் ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறோம், விமானக் கட்டணமும் அதற்குள்தான். ஆளுக்கொரு முதுகுப்பை, வேறு சுமை கிடையாது. ஹனோய், சாப்பா, ஹாலோங், ஹுவே, ஹோய் ஆன், டா லாட், சைகோன் என ஏழு ஊர்களைக் குறித்திருக்கிறோம். அறை வாடகையை மிச்சம் பிடிக்க முடிந்த இரவுகளிலெல்லாம் படுக்கை வசதிப் பேருந்தில் போய்விடலாம் என்று எண்ணம். இது சரிவருமா? எங்களில் ஒருவன் சுத்த சைவம், அவனை நினைத்தால்தான் கொஞ்சம் கவலை.

மதுரையிலிருந்து ஒரு வாசகன்

அன்புள்ள தம்பிக்கு,

முதலில் மாதத்தை மாற்றுங்கள். மற்றதெல்லாம் அதற்கப்புறம் பேசலாம்.

ஐப்பசி, கார்த்திகையில் நமக்கு மழை கொண்டுவரும் அதே வடகிழக்குக் காற்றுதான் வியட்நாமின் நடுப்பகுதிக்கும் மழை கொண்டுவருகிறது. தென்சீனக் கடலின் ஈரத்தோடு வந்து மேற்கே இருக்கும் மலைத்தொடரில் மோதிக் கொட்டும். அக்டோபரிலும் நவம்பரிலும் ஹுவே, ஹோய் ஆன் பக்கம் வெள்ளம் வருவது வழக்கமான சங்கதி. து போன் ஆறு கரை மீறினால் ஹோய் ஆனின் பழைய தெருக்களில் படகுதான் ஓடும். உங்கள் பட்டியலிலேயே அருமையான ஊர்கள் அந்த இரண்டும்தான். அவற்றைத் தண்ணீரில் பார்க்க இவ்வளவு தூரம் போக வேண்டாம். பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை நடுப்பகுதி காய்ந்து, இதமாக இருக்கும். ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: அவர்களுடைய புத்தாண்டான டெட், ஜனவரி கடைசிக்கும் பிப்ரவரி நடுவுக்கும் இடையில் வரும். பொங்கலுக்குக் கோயம்பேட்டில் பேருந்து தேடுவதைப் போலத்தான் அப்போது அங்கே ரயில் டிக்கெட் தேடுவதும். கடைகளும் பல மூடியிருக்கும். தேதியைப் பார்த்து அந்த வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

சரி, ஏழு ஊர்.

என் முதல் வியட்நாம் பயணம் எட்டு நாள், ஆறு ஊர். உங்களைப் போலவே நானும் கணக்குப் போட்டேன்: இரவில் பேருந்தில் தூங்கினால் அறைக் காசு மிச்சம், பகல் முழுவதும் நமக்கு. நான்கு இரவுகள் அப்படிப் போனேன். அந்தப் பேருந்துகளில் கால் நீட்டும் அளவுக்குச் சாய்ந்த படுக்கை இருக்கும், செருப்பைக் கழற்றி ஒரு பையில் போட்டுக்கொண்டுதான் ஏற வேண்டும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் நிற்குமிடமெல்லாம் விளக்கு எரியும், சரக்கு ஏற்றுவார்கள், இறக்குவார்கள். ஹுவேயில் விடிகாலை நாலரைக்கு எங்களை இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். விடுதிக் கதவு பூட்டியிருந்தது. படிக்கட்டில் உட்கார்ந்து விடியும்வரை காத்திருந்தோம். அறை கிடைத்ததும் படுத்தவள் எழுந்தபோது மாலை நான்கு. மறுநாள் காலை அடுத்த பேருந்து. ஹுவே போய்விட்டு வந்தேன் என்று ஊரில் சொல்லிக்கொண்டேன். எனக்கு நினைவிருந்தது அந்தப் படிக்கட்டு மட்டும்தான். இரண்டாம் முறை போனபோதுதான் அது எப்பேர்ப்பட்ட ஊர் என்று தெரிந்தது.

ஓர் ஊரை விட்டு இன்னோர் ஊருக்குப் போய்ச் சேர்வதில், தூரம் எவ்வளவு குறைவாக இருந்தாலும், அரைநாள் போய்விடும். பையைக் கட்ட வேண்டும், நிலையத்துக்குப் போக வேண்டும், காத்திருக்க வேண்டும், இறங்கி வழி கேட்டு இடம் பிடிக்க வேண்டும். ஏழு ஊர் என்றால் ஆறு முறை இந்தப் பாடு. ஒன்பதில் மூன்று நாள் அதிலேயே கழிந்துவிடும். காசும் அங்கேதான் கரையும். அறை வாடகையைவிட இந்த அவசரத்தில்தான் கூடுதல் செலவு: அசதியில் முதலில் நிற்கிற டாக்ஸியில் ஏறுவோம், முதலில் தெரிகிற கடையில் சாப்பிடுவோம், மலிவான இடம் எது என்று கண்டுபிடிப்பதற்குள் கிளம்பும் நேரம் வந்துவிடும்.

அதனால் சாப்பாவையும் டா லாட்டையும் எடுத்துவிடுங்கள். இரண்டும் மலை ஊர்கள், இரண்டும் நீங்கள் போகும் வழியிலிருந்து விலகி இருப்பவை. ஹாலோங்கும் வேண்டாம் என்பேன். கடலுக்குள் நிற்கும் அந்தச் சுண்ணாம்புக் குன்றுகளைப் போன்றவையே ‘நின் பின்’ என்ற ஊர்ப் பக்கம் வயல்களுக்கும் ஆற்றுக்கும் நடுவே நிற்கின்றன. ஹனோயிலிருந்து ரயிலில் சுமார் இரண்டரை மணி நேரம். ட்ராங் ஆனில் துடுப்புப் படகில் குகைகளுக்குள் புகுந்து வரலாம், நான் போனபோது ஆளுக்கு 2,50,000 டாங். நம் ஒரு ரூபாய்க்குச் சுமார் 300 டாங் என்று வைத்துக்கொள்ளுங்கள், எண்ணைப் பார்த்து மிரள வேண்டாம்.

ஹனோயில் இறங்கி இரண்டு இரவு. அதில் ஒரு பகல் நின் பின், ஒரு பகல் ஹனோய். ஹோவன் கியெம் ஏரியைச் சுற்றியுள்ள பழைய தெருக்களில் நடங்கள், 1070-ல் கட்டிய இலக்கியக் கோயிலைப் பாருங்கள். மூன்றாம் நாள் மாலை ரயில் ஏறுங்கள். இரவுப் பயணத்தை இந்த ஒரு தடவையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அந்த ரயிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஹனோயிலிருந்து சைகோன் வரை 1,726 கிலோமீட்டர், மீட்டர்கேஜ் பாதை. எழும்பூரிலிருந்து மீட்டர்கேஜில் போனவர்களைக் கேட்டுப் பாருங்கள், அந்தத் தாலாட்டு எப்படியிருக்கும் என்று சொல்வார்கள். 1936-ல் முழுப் பாதையும் முடிந்தது. நாடு இரண்டானபோது பாதையும் இரண்டானது, போரில் பாலங்கள் தகர்ந்தன. போர் முடிந்து, எல்லாவற்றையும் சரிசெய்து, 1976 டிசம்பர் 31 அன்று முழுத் தூரத்துக்கும் மறுபடி ரயில் விட்டார்கள். நான்கு படுக்கைப் பெட்டி, ஆறு படுக்கைப் பெட்டி என்று இரண்டு வகை உண்டு. ஆறு படுக்கையில் மேல்தட்டுதான் மலிவு, நிமிர்ந்து உட்கார முடியாது, தூங்கலாம். மூவாயிரம் ரூபாயை ஒட்டி ஆகும். முகவர்களிடம் போகாமல் வியட்நாம் ரயில்வேயின் சொந்தத் தளத்திலேயே எடுங்கள். மறுநாள் காலை ஹுவே.

ஹுவேயில் இரண்டு இரவு. 1802 முதல் 1945 வரை நுயென் அரசர்களின் தலைநகரம். கோட்டைக்குள் நடக்கும்போது நடுநடுவே வெறும் புல்தரை வரும். அங்கெல்லாம் மாளிகைகள் இருந்தன. முந்தைய பிரெஞ்சுப் போரில் கொஞ்சம் போனது, 1968 டெட் சமயத்தில் ஏறக்குறைய ஒரு மாதம் இந்த ஊருக்குள் நடந்த சண்டையில் இன்னும் நிறையப் போனது. மதிலில் குண்டு பாய்ந்த தழும்புகளை இன்றும் பார்க்கலாம். ஓர் அரை நாளில் ஓடி முடிக்காதீர்கள். சாயங்காலம் ஆற்றங்கரையோரம் தியென் மூ கோயில் வரைக்கும் சைக்கிளில் போய்வாருங்கள்.

உங்கள் சைவ நண்பருக்கும் ஹுவேதான் சொர்க்கம். பௌத்தம் வேரோடிய ஊர், சைவக் கடைகள் நிறைய. கடைப் பலகையில் ‘சாய்’ என்ற சொல்லைத் தேடச் சொல்லுங்கள், சைவம் என்று பொருள். ‘தோய் அன் சாய்’ என்றால் நான் சைவம் சாப்பிடுபவன். வியட்நாமிய எழுத்திலேயே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளட்டும், நம் உச்சரிப்பு அவர்களுக்குப் புரியாது. வெறுமனே ‘இறைச்சி வேண்டாம்’ என்று சொன்னால் போதாது. காய்கறியிலும் மீன் சாறு ஊற்றுவார்கள், அதை அவர்கள் உப்பு மாதிரிதான் நினைக்கிறார்கள். அமாவாசை, பௌர்ணமி நாட்களில் அங்கேயும் பலர் சைவம் சாப்பிடுகிறார்கள். அன்றைக்கு வழக்கமான கடைகளிலும் அவருக்குக் கிடைக்கும்.

ஹுவேயிலிருந்து தனாங் நூறு கிலோமீட்டர்தான். பேருந்தில் போனால் மலைக்குள் சுரங்கப்பாதை வழியாகக் கொண்டுபோய்விடுவார்கள். ரயிலிலேயே போங்கள். ஹை வான் மலையின் விளிம்பில், கடலுக்கு மேலேயே, வளைந்து வளைந்து போகும். தெற்கே போகும்போது கடல் இடது பக்கம், இருக்கை எடுக்கும்போது கவனம். பகல் வண்டி எடுங்கள். இந்த மூன்று மணி நேரம் உங்கள் பயணத்தின் உச்சமாக இருக்கும் என்று நம்புகிறேன்.

தனாங்கில் இறங்கியதும் பையோடேயே, இந்த நடுப்பகுதியை முன்பு ஆண்ட சாம் மக்களின் சிற்ப அருங்காட்சியகத்துக்குப் போங்கள். 1919-ல் திறந்தது. அப்புறம் ஹோய் ஆன். அந்த ஊருக்கு ரயிலும் இல்லை, விமான நிலையமும் இல்லை. தனாங்கிலிருந்து முப்பது கிலோமீட்டர், மூன்று பேர் சேர்ந்து கிராப் செயலியில் கார் எடுத்தால் பேருந்துக் காசுக்குப் பக்கத்தில்தான் வரும். அங்கே மூன்று இரவு. பழைய தெருக்களை விடியற்காலையில் பாருங்கள், இரவில் விளக்கு வெளிச்சத்தில் கூட்டம் நெரியும்.

கடைசி முழு நாள் மீ சன். தயவுசெய்து இதை விட்டுவிடாதீர்கள். ஹோய் ஆனிலிருந்து ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டரில், மலை சூழ்ந்த பள்ளத்தாக்குக்குள் சாம் அரசர்கள் கட்டிய செங்கல் கோயில்கள். நான்காம் நூற்றாண்டில் பத்ரவர்மன் இங்கே பத்ரேஸ்வரர் என்ற பெயரில் சிவனுக்குக் கோயில் எடுத்தான். பதின்மூன்றாம் நூற்றாண்டு வரை கட்டிக்கொண்டே இருந்தார்கள். கல்வெட்டுகள் சமஸ்கிருதத்திலும் சாம் மொழியிலும். 1969-ல் அமெரிக்க விமானங்கள் குண்டு போட்டதில் பெரிய கோபுரம் நொறுங்கியது. குண்டு விழுந்த பள்ளங்கள் கோயில்களுக்குப் பக்கத்திலேயே புல் மூடிக் கிடக்கின்றன. சில கோயில்களை நம் இந்தியத் தொல்லியல் துறைதான் சீரமைத்தது. 2020-ல் அந்த வேலையின்போது ஒரே கல்லில் செய்த ஒன்பதாம் நூற்றாண்டுச் சிவலிங்கம் மண்ணிலிருந்து வெளிவந்தது. மதுரைக்காரர்கள் நீங்கள், பிரகாரம் சுற்றியே வளர்ந்திருப்பீர்கள். கூரையில்லாமல் வெயிலில் ஆவுடையார் கிடப்பதைப் பார்த்து எனக்கு அன்றைக்குப் பேச்சே வரவில்லை. காலையில் முதல் ஆளாக உள்ளே போங்கள், ஒன்பது மணிக்குச் சுற்றுலாப் பேருந்துகள் வந்துவிடும்.

மோட்டார் சைக்கிள் வாடகைக்கு எடுக்கும் ஆசை இருந்தால் விட்டுவிடுங்கள். நம் ஊரில் தரும் பன்னாட்டு ஓட்டுநர் உரிமம் 1949-ஆம் ஆண்டு ஒப்பந்தப்படியானது, வியட்நாம் ஏற்பது 1968-ஆம் ஆண்டு ஒப்பந்தப்படியானது. விபத்து என்று வந்தால் காப்பீட்டிலிருந்து ஒரு காசு வராது. ஹோய் ஆனில் சைக்கிள் போதும்.

பணம். என் கடைசிப் பயணக் கணக்கை வைத்துச் சொல்கிறேன். ஹனோயில் இறங்கி சைகோனிலிருந்து திரும்புவதுபோல முன்கூட்டியே எடுத்தால் விமானத்துக்கு இருபத்தைந்தாயிரம், ஒன்பதாம் நாள் தனாங்கிலிருந்து சைகோன் போகும் விமானத்துக்கு ஐயாயிரம் வரை, ரயில்களுக்கு மூவாயிரத்து ஐநூறு. பலர் சேர்ந்து தங்கும் விடுதியில் ஒரு படுக்கை ஐந்து முதல் பத்து டாலர். அதையும் சாப்பாடு, நுழைவுச்சீட்டு எல்லாவற்றையும் சேர்த்து நாளுக்கு இரண்டாயிரம் ரூபாய் வைத்துக்கொள்ளுங்கள். விசாவும் போக ஆளுக்கு ஆறாயிரம் கையில் நிற்கும். அதைத் தொடாதீர்கள், உடம்புக்கு ஏதாவது வந்தால் அதுதான் துணை. ரூபாயை அங்கே மாற்றுவது கஷ்டம், டாலராகக் கொண்டுபோங்கள். 20,000 டாங் நோட்டும் 5,00,000 டாங் நோட்டும் இரண்டுமே நீல நிறம். வேறு வேறு பைகளில் வையுங்கள்.

சிக்கன விமானங்களில் கையில் ஏழு கிலோதான் விடுவார்கள். வீட்டிலேயே எடை போட்டுவிடுங்கள்.

விசாவுக்கு அரசுத் தளத்திலேயே விண்ணப்பியுங்கள், ஒருமுறை நுழைய 25 டாலர். பெயரில் மட்டும் மிகுந்த கவனம் வேண்டும். நமக்குக் குடும்பப்பெயர் கிடையாது, கடவுச்சீட்டில் சிலருக்கு அந்த இடம் காலியாக இருக்கும், சிலருக்கு அப்பா பெயர் இருக்கும். கடவுச்சீட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே விசாவிலும் விமானச் சீட்டிலும் இருக்க வேண்டும். என் தோழி ஒருத்திக்கு முகவர் ஒருவர் முதலெழுத்தை விரித்து எழுதிவிட்டதால், திரும்பவும் பணம் கட்டி, வேறு விசா வரும்வரை ஒரு வாரம் பயணத்தைத் தள்ளிப்போட வேண்டியதாயிற்று.

சைகோனில் திரும்பும் விமானம் இரவு என்றால் ட்ருவோங் டின் தெரு மாரியம்மன் கோயிலுக்குப் போய்வாருங்கள். பெரிய சந்தைக்குப் பக்கம்தான். வணிகம் செய்யப்போன நம்மவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டியது. இன்று ஊதுபத்தி ஏற்றிக் கும்பிடுகிறவர்களில் பெரும்பாலோர் வியட்நாம்காரர்கள்.

தேதி முடிவானதும் எழுதுங்கள். ஹுவேயில் நான் இரண்டு நாளும் மதியம் சாப்பிட்ட சைவக் கடைக்கு வழி அனுப்புகிறேன்.

அன்புடன்,
அக்கா