ஈ.பி.எப். மீதியைப் பார்த்துப் பயப்படும் முன் சம்பளச் சீட்டைப் பாருங்கள்

கேள்வி: ஐயா, எனக்கு 56 வயது. பிறந்தது 1970 மார்ச். சொந்த ஊர் பெரியகல்லாறு. 2007ஆம் ஆண்டிலிருந்து சம்மாந்துறைப் பக்கம் ஓர் அரிசி ஆலையில் களஞ்சியப் பொறுப்பாளராக இருக்கிறேன். மொத்தம் 22 பேர் வேலை செய்கிறோம். அடிப்படைச் சம்பளம் 34,000 ரூபாய், வாழ்க்கைச் செலவுப் படி 6,000, மேலதிக நேரத்துக்கு ஏறக்குறைய 6,000 வரும். ஈ.பி.எப். என்று 2,720 ரூபாய் கழிக்கிறார்கள். முதல் மூன்று வருடமும் ‘தற்காலிகம்’ என்று சொல்லி ஒன்றும் கழிக்கவில்லை. இப்போது கணக்கில் 11 இலட்சத்து 40 ஆயிரம் இருக்கிறது. 57 வயதோடு நின்றுவிடும்படி முதலாளி சாடையாகச் சொல்கிறார். இந்தச் சின்னப் பென்சனை வைத்து நானும் மனைவியும் எப்படிச் சீவிப்பது? இளைய மகளின் வீட்டுக்கு இன்னும் கூரை போடவில்லை. பணத்தை அதில் போட்டுவிடலாமா? 1993 முதல் 1996 வரை கொழும்பில் ஓர் அச்சகத்திலும் வேலை செய்தேன். அந்த ஈ.பி.எப். அட்டை சுனாமியோடு போய்விட்டது.

பதில்: முதலில் அந்தப் ‘பென்சன்’ என்ற சொல்லை விட்டுவிடுவோம். ஊழியர் சேமலாப நிதியம், அதாவது ஈ.பி.எப்., மாதாமாதம் வருவதல்ல. ஒரே தடவையில் கைக்கு வந்து, அதோடு தீர்ந்துபோகும் சேமிப்பு. அரசாங்க உத்தியோகம் பார்த்த அயலவர் ஒவ்வொரு மாதமும் வங்கிக்குப் போய்வருவதைப் பார்த்து நாமும் அப்படித்தான் என்று நினைத்துவிடுகிறோம். உங்கள் கவலை முழுவதும் அந்த 11 இலட்சத்து 40 ஆயிரத்தின் மேலேயே நிற்கிறது. எனக்கோ கடிதத்தில் முதலில் கண்ணில் பட்டது 2,720 என்ற எண்தான்.

34,000 ரூபாயின் 8 வீதம்தான் அந்த 2,720. அப்படியென்றால் வாழ்க்கைச் செலவுப் படியை உங்கள் முதலாளி கணக்கில் சேர்க்கவேயில்லை. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதியச் சட்டத்தின்படி அந்தப் படியும் உழைப்பு ஊதியம்தான். மேலதிக நேரக் கொடுப்பனவு மட்டும் சேராது. ஆகவே 40,000 ரூபாய்க்குக் கணக்குப் போட வேண்டும்: உங்கள் பங்கு 8 வீதம், 3,200 ரூபாய், முதலாளி பங்கு 12 வீதம், 4,800 ரூபாய், மாதம் 8,000. இப்போது போவது 6,800. குறைகிற 1,200 ரூபாயில் 720 முதலாளியின் பொக்கற்றில் இருந்து வரவேண்டியது. மாதத்துக்கு 720 என்பது ஒரு நல்ல மீன் கறிக்கான காசு என்று தோன்றும். பதினாறு வருடத்துக்கு வட்டியோடு பெருக்கிப் பார்த்தால் அப்படித் தோன்றாது.

அந்த மூன்று ‘தற்காலிக’ வருடங்கள் இதைவிடப் பெரியவை. தற்காலிகமோ, நாட்சம்பளமோ, நிரந்தரமோ, வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே ஈ.பி.எப். கட்ட வேண்டும். பயிற்சிக்காலம், தகுதிகாண் காலம் என்ற சாட்டுகள் எதுவும் இங்கே செல்லாது. நிலுவையைப் பிந்திக் கட்டும் தொழில்தருநர் தாமதத்துக்கேற்ப 5 வீதத்திலிருந்து 50 வீதம் வரை மிகைக் கட்டணமும் செலுத்த வேண்டும். முதலாளிமார் தொழில் அலுவலகத்தின் பெயரைக் கேட்டதும் குரலைத் தாழ்த்துவதற்கு அதுதான் காரணம்.

இதை எப்படிக் கேட்பது? நீங்கள் இன்னும் அந்தச் சம்பளத்தில் வாழ்கிறவர் என்பதை மறந்து நான் ஆலோசனை சொல்லக்கூடாது. முதலில் ஆலையின் கணக்கெழுதுபவரிடம் போய், படியைச் சேர்க்காதது ‘தவறுதலாக’ நடந்திருக்கலாம் என்று சொல்லி, திருத்தச் சொல்லுங்கள். அவர் முகத்தைக் காப்பாற்றிக்கொண்டு பின்வாங்க ஒரு வழி விடுங்கள். மாறவில்லை என்றால் முதலாளிக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம். தபால் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் தொழில் அலுவலகம். உங்கள் வீடு மட்டக்களப்பு மாவட்டம், ஆலை அம்பாறை மாவட்டம். எது வேலைத்தலம் என்பதுதான் கணக்கு. ஆகவே ஆலை இருக்கும் பகுதிக்குப் பொறுப்பான அலுவலகத்துக்கே போங்கள், மட்டக்களப்புக்குப் பஸ் ஏறி அலைய வேண்டாம். பெயரை வெளியில் விட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவும் முடியும். 2007 முதல் 2010 வரை நீங்கள் அங்கே இருந்ததற்கு என்ன சாட்சி இருக்கிறது என்று இப்போதே தேடுங்கள்: பழைய சம்பளச் சீட்டு, உங்கள் கையெழுத்துள்ள களஞ்சியப் பேரேட்டின் படம், ஆலை கொடுத்த கடிதம் ஏதாவது. நெல் மூட்டை எண்ணி எழுதிய பேரேடு உங்கள் கையெழுத்தில்தானே இருக்கும்; அதைவிட நல்ல சாட்சி எது?

அடுத்தது அந்தச் ‘சாடை’. 2021 நவம்பரில் நடைமுறைக்கு வந்த 28ஆம் இலக்க, தொழிலாளர்களின் ஆகக்குறைந்த ஓய்வு வயதுச் சட்டத்தின்படி, அப்போது 52 வயது பூர்த்தியாகாதவர்களுக்கு ஓய்வு வயது 60. அப்போது உங்களுக்கு 51. ஆகவே 2030 மார்ச் வரை உங்களை வயதைக் காட்டி அனுப்ப முடியாது. 55 என்ற எண்ணை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது ஆண்கள் ஈ.பி.எப். பணத்தைக் கோரத் தகுதிபெறும் வயது (பெண்களுக்கு 50). வேலையை விட்டுப் போக வேண்டிய வயது அல்ல.

இந்த இடத்தில் தம்பி என்று உரிமையோடு ஒன்று சொல்கிறேன். ‘சுயவிருப்பில் விலகுகிறேன்’ என்று தட்டச்சு செய்த ஒரு தாளை யாராவது மேசையில் வைத்தால் கையெழுத்துப் போடாதீர்கள். அன்று மாலை தேநீர் விருந்து, சால்வை, ஒரு பரிசுப் பொதி எல்லாம் கிடைக்கும். பதினைந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை நிறுத்துவதென்றால் அவருடைய எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ வேண்டும் என்று 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. அந்தத் தாள்தான் அந்தச் சம்மதம்.

57க்கும் 60க்கும் உள்ள வித்தியாசத்தைப் பணமாகவும் பார்ப்போம். சட்டப்படி நிதியம் ஆகக்குறைந்தது 2.5 வீத வட்டியாவது தரவேண்டும். 2022க்கு அறிவித்தது 9 வீதம். அந்த 9ஐயே வைத்துக்கொண்டால், இப்போதைய கழிவோடு 57இல் கையில் வருவது சுமார் 13 இலட்சம். படியையும் சேர்த்துக் கட்டி 60 வரை இருந்தால் இருபது இலட்சத்தைத் தாண்டும். மூன்று வருடச் சம்பளம் வேறு. எந்த வங்கிக்காரரும் எந்தக் காப்புறுதி முகவரும் உங்களுக்கு இப்படி ஒரு திட்டத்தைத் தரமாட்டார்.

நீங்கள் கடிதத்தில் ஒரு சொல்கூட எழுதாத இரண்டு பணங்கள் இன்னும் இருக்கின்றன. ஒன்று பணிக்கொடை. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், பதினைந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் ஐந்து வருடம் பூர்த்திசெய்த எவருக்கும், ஒவ்வொரு பூர்த்தியான வருடத்துக்கும் கடைசிச் சம்பளத்தில் அரை மாதம். இதிலும் படி சேரும். உங்களுக்கு அரை மாதம் 20,000 ரூபாய். 19 வருடத்துக்கு 3 இலட்சத்து 80 ஆயிரம். 2030இல் சுமார் 4 இலட்சத்து 40 ஆயிரம், சம்பளம் ஒரு சதமும் கூடாவிட்டால். ஈ.பி.எப். கட்டாத அந்த மூன்று வருடமும் இதில் எண்ணப்படும். வேலை முடிந்து 30 நாளுக்குள் முதலாளி இதைக் கொடுக்க வேண்டும், பிந்தினால் மிகைக் கட்டணம். இரண்டாவது, ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியம், அதாவது ஈ.ரி.எப். உங்கள் சம்பளத்திலிருந்து ஒன்றும் கழிக்காமல் முதலாளியே 3 வீதம் கட்டுவது, மாதம் 1,200 ரூபாய். கட்டுகிறாரா என்று விசாரியுங்கள். வேலையில் இருக்கும்போதே, கண்ணில் வில்லை பொருத்தும் சத்திரசிகிச்சைச் செலவுக்கும் இந்த நிதியத்தில் கோரலாம். நெல் தூசிக்குள் பத்தொன்பது வருடம் நின்ற கண்ணுக்கு இது தேவைப்படலாம்.

கொழும்பு அச்சகத்துப் பணம் எங்கும் போய்விடவில்லை. அட்டைதான் அலையோடு போனது. பதிவு மத்திய வங்கியில் இருக்கிறது. ஆலையின் ஈ.பி.எப். இலக்கமும் அச்சகத்தின் இலக்கமும் வெவ்வேறு; கோரும்போது இரண்டையும் குறிப்பிடாவிட்டால் ஒன்று அங்கேயே கிடக்கும். அச்சகத்தின் பெயர், முகவரி, வேலை செய்த வருடங்கள், தேசிய அடையாள அட்டை இலக்கம் இவற்றை வைத்துத் தேடலாம். வில்லங்கம் பெயரில்தான் வரும். நம் பெயர்களை ஆங்கில எழுத்தில் எழுதும்போது ஒவ்வொரு எழுதுவினைஞரும் ஒவ்வொரு விதமாக எழுதுவார். ஒரு இடத்தில் தகப்பன் பெயர் முன்னெழுத்து, இன்னொரு இடத்தில் முழுப்பெயர். அடையாள அட்டை இலக்கமும் பழையது ‘வீ’யோடு ஒன்பது இலக்கம், புதியது பன்னிரண்டு இலக்கம். இந்த முரண்களை ஓய்வுபெற்ற பிறகு திருத்தப் போனால் மாதக்கணக்கில் ஓடும். இப்போது லீவு எடுத்துப் போய்த் திருத்துங்கள்.

கூரைக்கு வருவோம். மட்டக்களப்புப் பக்கத்தில் மகளுக்கு வீடு கொடுக்காமல் நிமிர்ந்து நடக்க முடியாது என்பது எனக்கும் தெரியும்; எனக்கும் இரண்டு பெண் பிள்ளைகள். பெரிய வீட்டை மகளுக்கு எழுதிவிட்டு, அதே வளவின் பின்பக்கம் குசினியோடு ஒட்டிய அறைக்கு ஒதுங்கிய தாய் தகப்பனை எத்தனை பேரைப் பார்த்துவிட்டோம். என் தீர்ப்பு இதுதான்: பணிக்கொடை கூரைக்கு, ஈ.பி.எப். உங்களுக்கு. கூரை அதற்குள் அடங்காவிட்டால் ஓடுகளைக் குறைத்துக் கூரைச் சீற்றுகளைக் கூட்டுங்கள். மருமகனும் ஒரு கை கொடுக்கட்டும். உறுதி எழுதும்போது, உங்கள் இருவருக்கும் சீவிய உரித்தை (உயிரோடு இருக்கும்வரை அங்கே வாழும் உரிமையை) ஒதுக்கி எழுதும்படி நொத்தாரிசிடம் சொல்லுங்கள். மகள் மேல் நம்பிக்கை இல்லாததால் அல்ல. நாளைக்கு அந்த வீடு ஈடு வைக்கப்படும் நிலை வந்தாலும் நீங்கள் வெளியே நிற்கக்கூடாது.

மிகுதிப் பணத்தை வங்கியில் நிலையான வைப்பில் போட்டு மாத வட்டி எடுங்கள். 20 இலட்சத்துக்கு 8 வீதம் கிடைத்தால் மாதம் 13 ஆயிரத்துச் சொச்சம். அது முழுச் சீவியத்துக்குப் போதாது. அரிசி, மின்சாரம், மருந்துக்குப் போதும் என்று வையுங்கள். வருட வருமானம் 18 இலட்சத்துக்குக் கீழே என்பதால், பிரகடனம் ஒன்றைக் கொடுத்தால் வட்டியில் வங்கி வெட்டும் 10 வீத வரியைத் தவிர்க்கலாம். வங்கி தானாகச் சொல்லாது. ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 11 இலட்சம் ரூபாய் வரைதான் வைப்புக் காப்புறுதி. ஆகவே இரண்டு வங்கிகளில் பிரித்துப் போடுங்கள். என்னோடு ஒன்றாக வேலை செய்த ஒருவர் மாதம் 5 வீதம் தருகிறோம் என்றவர்களிடம் தன் ஈ.பி.எப். முழுவதையும் கொடுத்தார். ஏழு மாதம் ஒழுங்காக வந்தது. எட்டாவது மாதம் அவர் போனபோது அந்த அலுவலகத்தில் புகைப்படக் கடை நடந்துகொண்டிருந்தது.

கடைசியாக, தொழில் அலுவலகத்துக்குப் போகும் அன்று பின்னுரித்தாளர் (உங்களுக்குப் பிறகு அந்தப் பணத்தைப் பெறுபவர்) பெயரையும் பார்த்துவிடுங்கள். 1993இல் கல்யாணம் ஆகாத பையனாக அச்சகத்தில் நிரப்பிய படிவத்தில் அநேகமாக உங்கள் அம்மாவின் பெயர்தான் இருக்கும். ‘எச்’ படிவம் வாங்கி மனைவியின் பெயரை எழுதி, அதில் ஒரு பிரதியை அவர் கையிலேயே கொடுங்கள்.