பேசிப் பிரிகிறவர்களின் சந்தேகங்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பரஸ்பர சம்மத விவாகரத்தைப் பற்றியவை. மதத்தைக் குறிப்பிடாதவர்களுக்கு இந்து திருமணச் சட்டம் 13-பி பிரிவை வைத்தே பதில் சொல்லியிருக்கிறேன்.

நாங்கள் பிரிந்து இரண்டரை வருடம் ஆகிறது. நகை, பணம் எல்லாம் பேசி முடித்துவிட்டோம். அப்படியும் மனு போட்டு ஆறு மாதம் காத்திருக்கத்தான் வேண்டுமா? – கோவை வாசகி

வேண்டியதில்லாமலும் போகலாம். குறைந்தது ஓராண்டு பிரிந்து வாழ்ந்த பிறகு இருவரும் சேர்ந்து மனு போட வேண்டும். மனு போட்டு 6 மாதம் கழித்து, 18 மாதத்துக்குள் மறுபடி வந்து 'எங்கள் முடிவில் மாற்றமில்லை' என்று சொல்ல வேண்டும். சட்டம் இப்படித்தான் இருக்கிறது. ஆனால், அந்த 6 மாதம் எல்லோருக்கும் கட்டாயமல்ல என்று 2017-ல் அமர்தீப் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதைத் தவிர்க்க வேண்டுமானால், மனு போடும்போதே பிரிந்து ஒன்றரை ஆண்டு ஆகியிருக்க வேண்டும், சமரச முயற்சி தோற்றிருக்க வேண்டும், ஜீவனாம்சமும் பிள்ளைகள் பொறுப்பும் தீர்ந்திருக்க வேண்டும், காத்திருப்பது வேதனையை நீட்டுவதாக மட்டுமே இருக்க வேண்டும். உங்களுக்கு இவை பொருந்துவதாகவே தெரிகிறது. முதல் மனு போட்டு ஒரு வாரம் கழித்து, காரணத்தைச் சொல்லித் தனி மனு போடுங்கள். அந்த 6 மாதக் காத்திருப்பிலிருந்து விலக்கு தருவது நீதிபதியின் விருப்புரிமை. அதனால், முகூர்த்த நாள் குறித்துவிட்டு 'அதற்குள் முடித்துக் கொடுங்கள்' என்று வக்கீலை நெருக்காதீர்கள்.

தனி வீடு எடுக்க வசதியில்லை. ஒரே வீட்டில் ஆளுக்கொரு அறையில் இருக்கிறோம். இதைப் பிரிந்து வாழ்ந்ததாக ஏற்பார்களா?

ஏற்பார்கள். கணவன் மனைவியாக வாழவில்லை என்பதுதான் முக்கியம், கூரை ஒன்றா இரண்டா என்பதல்ல. 1991-ல் சுரேஷ்டா தேவி வழக்கில் உச்ச நீதிமன்றமே இதை விளக்கியிருக்கிறது. எந்த மாதத்திலிருந்து இப்படி இருக்கிறீர்கள் என்பதை மனுவில் உள்ளபடி எழுதுங்கள். அதைத்தான் நாளை கூண்டில் சத்தியம் செய்து சொல்லப்போகிறீர்கள்.

மூன்று வருடம் முன்பு பெரியவர்கள் முன்னிலையில் 20 ரூபாய் பத்திரத்தில் எழுதி, நோட்டரியிடம் கையெழுத்து வாங்கிப் பிரிந்துவிட்டோம். இப்போது எனக்கு வேறு வரன் பார்க்கிறார்கள். – சேலம் வாசகர்

முதலில் வரன் பார்ப்பதை நிறுத்தச் சொல்லுங்கள். நோட்டரிக்குத் திருமணத்தை முறிக்கும் அதிகாரம் கிடையாது. அந்தப் பத்திரத்தை நம்பி இன்னொரு திருமணம் செய்தால் அது செல்லாது. இப்போதைய குற்றவியல் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 82-வது பிரிவின்படி 7 ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமும்கூட. சில சமூகங்களில் வழக்கப்படி தீர்த்துவிடும் முறை உண்டு. இந்து திருமணச் சட்டத்தின் 29-வது பிரிவு அதற்கு இடம் தருகிறது. ஆனால், அப்படியொரு வழக்கம் நெடுங்காலமாக இருந்துவருகிறது என்று நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில்தான். 'எங்க பக்கம் எல்லாரும் இப்படித்தான் செய்றாங்க' என்பது அதற்குப் போதாது. நல்லவேளையாக மூன்று வருடம் பிரிந்திருக்கிறீர்கள். முன்னாள் மனைவி என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பவர் சட்டப்படி இன்னும் உங்கள் மனைவிதான். அவரிடம் பேசிச் சேர்ந்து மனு போடுங்கள். அந்தப் பத்திரத்தைத் தூக்கிப்போட வேண்டாம், பிரிந்த தேதிக்கு ஓர் ஆதாரமாக உதவும்.

முதல் மனு போட்ட அன்றே பேசிய பணம் முழுவதையும் கொடுத்துவிட்டேன். இப்போது மனைவி 'சம்மதமில்லை' என்கிறார்.

தீர்ப்பு வரும் நிமிடம் வரை இருவரில் யார் வேண்டுமானாலும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். மேலே சொன்ன 1991 தீர்ப்பு இதற்கும் பொருந்தும். அவர் மறுத்தால் குடும்பநல நீதிமன்றம் உங்களுக்கு இந்தப் பிரிவில் விவாகரத்து தர முடியாது. இனிச் சேரவே முடியாத திருமணம் என்று சொல்லி, ஒருவர் எதிர்த்தாலும் முறித்துவைக்கும் அதிகாரம் அரசியல் சாசனத்தின் 142-வது பிரிவின் கீழ் உச்ச நீதிமன்றத்துக்கு மட்டுமே உண்டு. 2023-ல் அரசியல் சாசன அமர்வு அதை உறுதிசெய்தது. அங்கே போய் நிற்பது எல்லோராலும் ஆகிற காரியமல்ல. உங்களுக்குள்ள வழி இரண்டு. நீதிமன்றச் சமரச மையத்தில் உட்கார்ந்து பேசலாம். பல நேரம் பிரச்சினை மனமாற்றமாக இருக்காது. திருப்பித் தராத சீர்வரிசையாகவோ, வாபஸ் வாங்கப்படாத ஒரு போலீஸ் புகாராகவோ இருக்கும். அதுவும் பலிக்காவிட்டால், கொடுமை, கைவிட்டுச் செல்லுதல் போன்ற காரணங்கள் இருந்தால் 13-வது பிரிவில் தனியாக வழக்கு போடலாம். அதில் சாட்சி, குறுக்கு விசாரணை, வாய்தா எல்லாம் உண்டு. கொடுத்த பணத்துக்கான ரசீதையும் வங்கிக் கணக்கு விவரத்தையும் பத்திரமாக வைத்திருங்கள்.

மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: ஒரு பகுதியை முதலில் கொடுங்கள். மீதியை டிமாண்ட் டிராஃப்டாக எடுத்து, இறுதி நாளில் நீதிபதி முன்னால் கொடுங்கள். பெண்ணின் பக்கத்துக்கும் இதுதான் பாதுகாப்பு. நகை கைக்கு வந்ததா என்பதையும் அதே நாளில் பதிவு செய்துவிடலாம்.

பிள்ளைக்கு எதுவும் கேட்கமாட்டேன் என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்கிறார்கள். எழுதலாமா?

வேண்டாம். உங்களுக்கு வரவேண்டியதை விட்டுக்கொடுப்பது உங்கள் இஷ்டம். பிள்ளையின் உரிமையை விட்டுக்கொடுக்க உங்களுக்கு அதிகாரமில்லை. எழுதினாலும் அது பிள்ளையைக் கட்டுப்படுத்தாது. பள்ளிக் கட்டணம் யார் கட்டுவது, லீவு நாட்களில் குழந்தை யாரிடம் இருப்பது, பாஸ்போர்ட் எடுக்க யார் கையெழுத்து போடுவது என்பதையெல்லாம் அதில் எழுதுங்கள். பிற்பாடு சண்டை அங்கேதான் வரும்.

நாங்கள் கிறிஸ்தவர்கள். எங்களுக்கும் இதே ஓராண்டுதானா? – நாகர்கோவில் வாசகி

உங்களுக்கு விவாகரத்துச் சட்டத்தின் 10-ஏ பிரிவு பொருந்தும். அது 2001-ல்தான் சேர்க்கப்பட்டது. அதில் 2 ஆண்டு என்று இருக்கிறது. கேரள உயர் நீதிமன்றம் 2010-லேயே இதை ஓராண்டாகக் குறைத்துப் பொருள் கொண்டது என்றாலும், 2 ஆண்டு முடிந்து மனு போடுவதே சிக்கலில்லாதது. சர்ச்சில் மறுமணம் செய்ய நினைத்தால் திருச்சபையின் அனுமதி தனி விஷயம், பாதிரியாரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

தீர்ப்பு போன வாரம் வந்தது. மறுமணத்துக்கு எவ்வளவு நாள் பொறுக்க வேண்டும்?

இரு தரப்பும் சம்மதித்து வாங்கிய தீர்ப்புக்கு மேல்முறையீடு இல்லை என்று குடும்பநல நீதிமன்றச் சட்டம் 19-வது பிரிவு சொல்கிறது. எனவே, அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை. தீர்ப்பாணையின் சான்றிட்ட நகலுக்கு உடனே விண்ணப்பியுங்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் முதலில் கேட்பது அதைத்தான்; ஒன்றுக்கு இரண்டு நகலாக வாங்கி வையுங்கள்.