கேள்வி - பதில்: கப்பலும் புல்லட்டும்

கேள்வி: பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியே போய்விட்டது. போலந்து உள்ளே இருக்கிறது. இந்த இரண்டு நாட்டுக்கும் இனிமேல் என்ன வியாபாரம், என்ன பாதுகாப்பு உறவு மிச்சமிருக்கும்? (எண்ணூர் வாசகர்)

பதில்: எண்ணூர்க்காரர் கேட்டது எனக்கு வசதியாகப் போயிற்று. நீங்கள் தினமும் தாண்டிப் போகிற திருவொற்றியூரிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

1955-இல் இங்கிலாந்தின் ரெட்டிச் ஊர் என்ஃபீல்டு கம்பெனியும் நம்ம மெட்ராஸ் மோட்டார்ஸும் கூட்டு சேர்ந்தன. நம் ராணுவத்துக்கு புல்லட் மோட்டார் சைக்கிள் வேண்டியிருந்தது. முதலில் பாகங்கள் கப்பலில் பெட்டி பெட்டியாக வரும், இங்கே பூட்டுவார்கள். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக எல்லாப் பாகமும் இங்கேயே செய்ய ஆரம்பித்தார்கள். என் அப்பா அந்தப் பக்கம் ஒரு சின்ன லேத் பட்டறையில் டர்னர். எந்தக் கம்பெனி வேலை வந்தாலும் டிராயிங் இஞ்ச் கணக்கில்தான் இருக்குமாம். மரையும் இங்கிலீஷ்காரன் மரை; மில்லிமீட்டர் ஸ்பேனர் போட்டால் நழுவும். அவர் சட்டைப்பையில் இஞ்ச்சை மில்லிமீட்டராக மாற்றும் அட்டை ஒன்று எண்ணெய்க் கறையோடு எப்போதும் இருந்தது. 1967-இல் ரெட்டிச் ஆலையை மூடினார்கள். பத்து வருஷம் கழித்து, 1977-இல், திருவொற்றியூர் புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானது.

இப்போது போலந்துக்கு வருகிறேன். அங்கே பால்டிக் கடலோரம் க்டினியா என்று ஒரு துறைமுக ஊர். மூன்று போர்க்கப்பல்கள் அங்கே உருவாகின்றன. வடிவமைப்பு பிரிட்டனின் பாப்காக் கம்பெனியுடையது. (அந்த வடிவமைப்புக்கே டென்மார்க் கப்பல் ஒன்றுதான் மூலம், அது வேறு கதை.) தகடு வெட்டுவதும் வெல்டிங் அடிப்பதும் போலந்துத் தொழிலாளர்கள். 2023 ஆகஸ்டில் முதல் கப்பலுக்கு இரும்பு வெட்டினார்கள். அதே வருஷம் நவம்பரில் வான் பாதுகாப்பு ஏவுகணைகளுக்கு 400 கோடி பவுண்டுக்கு மேல் ஒப்பந்தம் ஆனது. அதிலும் தொழில்நுட்பத்தைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது பேச்சு.

என்னைக் கேட்டால் உறவு நிற்கப்போவது, ஒருத்தர் வடிவம் கொடுக்க இன்னொருத்தர் செய்யக் கற்றுக்கொள்கிற இந்த இடத்தில்தான். சரக்கு வியாபாரத்தில் சுங்கப் படிவமும் சோதனையும் வந்து ஒட்டிக்கொண்டன. போலந்திலிருந்து கோழிக்கறி அனுப்புகிறவருக்கு அது தலைவலிதான். அதற்காக பிரிட்டனுக்கு எல்லாக் கதவும் திறந்திருக்கிறது என்றும் நினைக்க வேண்டாம். போலந்து டாங்கி வாங்கியது அமெரிக்காவிடமும் தென்கொரியாவிடமும். நீர்மூழ்கிக்கு 2025 நவம்பரில் ஸ்வீடனைத் தேர்ந்தெடுத்துவிட்டது. தன் மொத்த உற்பத்தியில் 4 சதவீதத்துக்கு மேல் ராணுவத்துக்குச் செலவழிக்கிற நாடு அது, 2025 கணக்கில் நேட்டோ ராணுவக் கூட்டணியிலேயே அதிகம். கையில் காசு இருக்கிறவன் நாலு கடை ஏறி இறங்கத்தான் செய்வான். பிரிட்டனுக்குக் கிடைத்திருப்பது கப்பலும் வான் பாதுகாப்பும். க்டினியா ஆட்களுக்குக் கை வந்துவிட்டால், அடுத்த கப்பலுக்கு பிரிட்டன் என்ன விலை சொல்ல முடியும் என்பதைத்தான் நான் கவனித்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: நாளைக்கு ரஷ்யாவோடு சண்டை என்றால் பிரிட்டன் நிஜமாகவே போலந்துக்கு வந்து நிற்குமா? (கொருக்குப்பேட்டை வாசகர்)

பதில்: போலந்துக்காரருக்கும் இந்தச் சந்தேகம் உண்டு, காரணமும் உண்டு. போலந்தைத் தாக்கினால் உதவிக்கு வருவோம் என்று 1939 ஆகஸ்ட் 25-இல் பிரிட்டன் கையெழுத்துப் போட்டது. ஒரு வாரத்தில் ஹிட்லர் உள்ளே நுழைந்தான். பிரிட்டன் செப்டம்பர் 3-இல் போர் அறிவித்தது, ஆனால் போலந்து மண்ணுக்கு ஒரு படையும் வரவில்லை. அடுத்த வருஷம் லண்டன் வானத்தைக் காக்க போலந்து விமானிகள் பறந்தார்கள். ஜெர்மானியரின் எனிக்மா சங்கேதத்தை முதலில் உடைத்ததும் போலந்துக் கணித ஆட்கள்தான். போருக்கு முன்பே அந்த ரகசியத்தை பிரிட்டனிடம் கொடுத்தும் விட்டார்கள். கடைசியில் 1945-இல் பிரிட்டன், அமெரிக்கா, ரஷ்யத் தலைவர்கள் கூடிய யால்டா பேச்சில் போலந்து ஸ்டாலின் கைக்குப் போயிற்று.

இப்போது நிலைமை வேறு. 1999 முதல் போலந்து நேட்டோவில் இருக்கிறது. அது போதாதென்று 2017 டிசம்பரில் இரண்டு நாடும் தனியாகப் பாதுகாப்பு ஒப்பந்தம் போட்டன. 2025 ஜனவரியில் பிரிட்டன் பிரதமர் ஸ்டார்மரும் போலந்துப் பிரதமர் டஸ்கும் வார்சாவில் இன்னொன்றுக்குப் பேச்சு ஆரம்பித்தார்கள். எனக்கு இந்தத் தாள்களைவிட, 2022-இல் பிரிட்டிஷ் வீரர்களே கொண்டுபோய் போலந்தில் நிறுத்திய வான் பாதுகாப்பு ஏவுகணைகள்தான் பெரிதாகத் தெரிகின்றன.

கேள்வி: என் மகனுக்கு போலந்தில் கிடங்கு வேலை என்று ஏஜெண்ட் சொல்கிறார். அங்கே போய்விட்டால் லண்டனுக்குத் தாண்டிவிடலாமாம். நம்பலாமா ஐயா? (காசிமேட்டு வாசகி)

பதில்: தாண்ட முடியாது அம்மா. போலந்து விசாவில் பிரிட்டனுக்குள் கால் வைக்கவே முடியாது. அதற்குத் தனி விசா வேண்டும். 2021 ஜனவரியிலிருந்து புதிதாக வேலைக்குப் போகிற போலந்துக்காரருக்கே விசா கேட்கிறார்கள். ஏற்கெனவே பிரிட்டனில் லட்சக்கணக்கில் குடியேறிய போலந்துக்காரர்கள், 2004-இல் போலந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்த பின் கதவு திறந்திருந்தபோது போனவர்கள். உங்கள் ஏஜெண்ட் அந்தக் காலத்துக் கதையை இப்போது விற்கிறார்.

போலந்து வேலை பொய் என்று நான் சொல்லவில்லை. வேலை அனுமதி அங்குள்ள முதலாளி எடுக்க வேண்டியது. அதன் நகலில் கம்பெனி பெயர், சம்பளம், வேலை எல்லாம் இருக்கும். ஏஜெண்டின் பதிவு எண்ணை வெளிநாட்டு வேலைக்கான மத்திய அரசின் இமைகிரேட் (eMigrate) இணையதளத்தில் தேடிப் பாருங்கள். என் அக்கா பையன் இதைப் பார்க்காமல் நகையை அடகு வைத்துப் பணம் கட்டினான். ரசீது என்று கொடுத்தது வெறும் விசிட்டிங் கார்டு. உங்களிடம் இன்னும் பணம் வாங்கவில்லை என்றால், அந்த அனுமதி நகலைக் கண்ணில் காட்டும்வரை கொடுக்காதீர்கள். பையனின் பாஸ்போர்ட்டும் வீட்டுப் பீரோவிலேயே இருக்கட்டும்.