இரைப்பையில் நிணநீர்த் திசு வளர்ச்சி: புற்றுநோயா, இல்லையா?

கேள்வி: என் கணவருக்கு வயது 52. ஓயாத வயிற்றெரிச்சலுக்காக எண்டோஸ்கோப்பி செய்தோம். இரைப்பையில் மடிப்புகள் தடித்திருந்ததால் சதை எடுத்துப் பரிசோதித்தார்கள். 'லிம்பாய்டு ஹைப்பர்பிளேசியா, லிம்போமாவை விலக்க முடியவில்லை, எச். பைலோரி பாசிட்டிவ்' என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. ஒரு மருத்துவர் ஒன்றுமில்லை என்கிறார். இன்னொருவர் இரைப்பையையே எடுக்க வேண்டியிருக்கும் என்கிறார். என்ன செய்வது?

பதில்: இந்த ரிப்போர்ட்டை வைத்து இரண்டில் எதையுமே சொல்ல முடியாது, அம்மா. முதலில் அறுவை சிகிச்சைப் பேச்சை ஒதுக்கி வையுங்கள்.

இரைப்பைச் சுவரில் இயல்பாக நிணநீர்த் திசு இருப்பதில்லை. எச். பைலோரி கிருமி குடியேறினால் அதை எதிர்க்க வெள்ளணுக்கள் திரண்டு முடிச்சு முடிச்சாகத் தங்கிவிடும். ரிப்போர்ட்டில் உள்ள 'லிம்பாய்டு ஹைப்பர்பிளேசியா' இதுதான்; இது தீங்கற்றது. பல வருடம் கிருமி தூண்டிக்கொண்டே இருந்தால், சிலருக்கு அந்தக் கூட்டத்தில் ஒரே ஒரு பி-செல்லின் (ஒரு வகை வெள்ளணு) வாரிசுகள் மட்டும் கட்டுப்பாடின்றிப் பெருகும். அதுதான் மால்ட் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய். ஒரு காலத்தில் 'போலி லிம்போமா' என்று விட்டுவிட்ட பல கட்டிகள் உண்மையில் இந்த வகைதான் என்று பிறகு தெரியவந்தது. அந்த அளவுக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். எண்டோஸ்கோப்பியில் பார்த்து மட்டும் பிரித்துச் சொல்ல முடியாது.

பிரித்துக் காட்டுவது பேத்தாலஜிதான், அதாவது எடுத்த சதையை நுண்ணோக்கியில் பார்க்கும் பரிசோதனை. அணுக்கள் சுரப்பிகளுக்குள் புகுந்து அவற்றைச் சிதைக்கின்றனவா என்று பார்ப்பார்கள். அப்புறம் அணுக்களின் வகையைக் காட்டும் இம்யூனோ சாயப் பரிசோதனை. சாதாரண அழற்சியில் காப்பா, லாம்டா என்ற இரண்டு வகை அணுக்களும் கலந்திருக்கும். லிம்போமாவில் பெரும்பாலும் ஒன்றே மேலோங்கியிருக்கும். அணுக்கள் ஒரே செல்லின் வாரிசுகளா என்று பார்க்கும் மரபணுப் பரிசோதனையும் உண்டு, ஆனால் வெறும் அழற்சியிலும் அது சில சமயம் பாசிட்டிவ் ஆகும் என்பதால் அதை மட்டும் நம்பக் கூடாது. எடுத்த சதை போதாமல் முடிவு தெரியாமல் போவது சகஜம். ஸ்லைடையும் பிளாக்கையும் (மெழுகில் பதித்து வைத்திருக்கும் சதை) வாங்கி, லிம்போமாவில் அனுபவமுள்ள பேத்தாலஜிஸ்டிடம் காட்டுங்கள். தேவைப்பட்டால் பல இடங்களில் மறுபடி சதை எடுக்கட்டும்.

எதுவாக இருந்தாலும் கிருமியை ஒழித்தே ஆக வேண்டும். வழக்கமாக 14 நாள் மருந்து. முடித்துக் குறைந்தது 4 வாரம் கழித்து (அமிலம் குறைக்கும் மாத்திரையைப் பரிசோதனைக்கு 2 வாரம் முன்பே நிறுத்திவிட்டு) மூச்சு அல்லது மலப் பரிசோதனையில் கிருமி போய்விட்டதா என்று உறுதி செய்யுங்கள். 1993இல் லான்செட் இதழில் வந்த ஆய்வில், மால்ட் லிம்போமா இருந்த 6 பேரில் 5 பேருக்கு ஆன்டிபயாட்டிக்கிலேயே கட்டி கரைந்தது. இன்றும் இரைப்பையைத் தாண்டாத நிலையில் அதுவே முதல் சிகிச்சை. கரைய ஒரு வருடம்கூட ஆகலாம். கரையாவிட்டால் கதிர்வீச்சு இருக்கிறது. வேகமாக வளரும் பெரிய செல் லிம்போமா என்றால் கதை வேறு, கீமோதெரபி தேவைப்படும்.

மலம் கறுப்பாகப் போனாலோ, ரத்த வாந்தி வந்தாலோ ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். எடை மளமளவென்று குறைந்தால் அடுத்த சந்திப்பு வரை தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.