அந்த ஏழு மைல் எங்கே போனது?

கேள்வி: 'ஆர்' என்ற புள்ளியியல் மென்பொருளோடு வரும் 'எம்டிகார்ஸ்' என்ற கார் தரவை வைத்து ரெக்ரஷன் (ஒன்று மாறினால் இன்னொன்று எவ்வளவு மாறுகிறது என்று கணக்கிடும் முறை) பழகுகிறேன். மைலேஜுக்குக் காரணியாகக் கியர் வகையை மட்டும் கொடுத்தபோது மேனுவலின் கெழு, அதாவது ஆட்டோமேட்டிக்கோடு ஒப்பிட்ட மைலேஜ் வேறுபாடு, 7.245. பி-மதிப்பும் (உண்மையில் வேறுபாடே இல்லாவிட்டால் இவ்வளவு பெரிய வேறுபாடு தற்செயலாக வரும் வாய்ப்பு) மிகச் சிறியது. காரின் எடையையும் சேர்த்ததும் அதே கெழு -0.024 ஆகிவிட்டது! எது சரி? கியரைத் தூக்கிவிடலாமா?
- முதுகலை மாணவர், திருச்சி

பதில்: தம்பி, இரண்டு கணக்கும் சரிதான். நீங்கள் கேட்ட கேள்விகள்தான் வேறு வேறு.

1974-ல் அமெரிக்க 'மோட்டார் டிரெண்ட்' இதழில் வந்த 32 கார்களின் விவரம் அது. 19 ஆட்டோமேட்டிக், 13 மேனுவல். கியரை மட்டும் கொடுத்தால் ரெக்ரஷன் செய்வது வெறும் சராசரிக் கழித்தல். ஆட்டோமேட்டிக் கார்கள் கேலனுக்குச் சராசரியாக 17.147 மைல் ஓடின, மேனுவல் கார்கள் 24.392. கழித்துப் பாருங்கள், உங்கள் 7.245 வந்துவிடும். மேனுவல் கியர் மாட்டினால் ஏழு மைல் கூடும் என்று அது சொல்லவே இல்லை.

எடையைச் சேர்த்ததும் கேள்வி மாறுகிறது: ஒரே எடையுள்ள இரண்டு கார்களில், கியர் மட்டும் வேறானால் மைலேஜ் எவ்வளவு மாறும்? இந்தத் தரவில் ஆட்டோமேட்டிக் கார்கள் சராசரியாக 3,769 பவுண்டு, மேனுவல் 2,411. வித்தியாசம் 1,358 பவுண்டு. உங்கள் இரண்டாவது மாதிரியில் (கியரும் எடையும் சேர்ந்த சமன்பாட்டில்) ஆயிரம் பவுண்டுக்கு 5.353 மைல் குறைகிறது. 1.358-ஐ 5.353-ஆல் பெருக்கினால் சுமார் 7.27. காணாமல் போன ஏழு மைல் மொத்தமும் அங்கேதான் இருக்கிறது. எடையின் புண்ணியத்தை இத்தனை நேரம் கியர் தன் பெயரில் எழுதிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

அதற்காக 'கியருக்கும் மைலேஜுக்கும் சம்பந்தமே இல்லை' என்று எழுதிவிடாதீர்கள். பலரும் சறுக்குவது இங்கேதான். -0.024-க்குப் பக்கத்திலேயே திட்டப்பிழை (மதிப்பீடு எவ்வளவு தடுமாறக்கூடும் என்பதன் அளவு) 1.55 என்று இருக்குமே, பார்த்தீர்களா? 95 சதவீத நம்பிக்கை இடைவெளி, அதாவது தரவோடு ஒத்துப்போகும் மதிப்புகளின் வீச்சு, ஏறத்தாழ -3.2 முதல் +3.1 வரை. மேனுவல் மூன்று மைல் கூட்டினாலும் சரி, குறைத்தாலும் சரி, இந்தத் தரவு இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது.

ஏன் இவ்வளவு அகலம்? எடை வரிசையில் கார்களை அடுக்கிப் பாருங்கள். 3,000 பவுண்டுக்குக் கீழே இருக்கும் ஆட்டோமேட்டிக் ஒன்றே ஒன்று, டொயோட்டா கொரோனா. அதற்கு மேலே இருக்கும் மேனுவல் இரண்டு: ஃபோர்டு பாண்டெரா, மசெராட்டி போரா. இரண்டுமே மைலேஜைப் பற்றிக் கவலைப்படாதவர்கள் வாங்கும் வண்டிகள்! 'ஒரே எடை' என்ற ஒப்பீடு இந்த மூன்று கார்களின் தலையில்தான் பெரும்பாலும் நிற்கிறது. மற்றதெல்லாம் நேர்கோட்டை நம்பி நீட்டியது.

வெட்டுத்துண்டாக (சமன்பாட்டின் தொடக்க எண்ணாக) 37.3 வந்திருக்குமே, அதற்கு விளக்கம் தேடி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். எடையே இல்லாத ஆட்டோமேட்டிக் காரின் மைலேஜ் அது. எடையிலிருந்து அதன் சராசரியைக் கழித்துவிட்டு ரெக்ரஷனை ஓட்டினால் படிக்கத் தக்க எண் வரும். கெழுவின் பருமனைப் பார்த்தும் மயங்க வேண்டாம். எடையைக் கிலோவில் கொடுத்தால் அதே 5.353 வெறும் 0.0118 ஆகிவிடும்.

கியரைத் தூக்கலாமா என்றால், உங்கள் ஆய்வே கியரைப் பற்றியது என்றால் தூக்காதீர்கள். இப்படி எழுதுங்கள்: "எடை சமமாக இருக்கும்போது, மேனுவல் கார்களுக்கும் ஆட்டோமேட்டிக் கார்களுக்கும் இடையே மதிப்பிடப்பட்ட மைலேஜ் வேறுபாடு -0.02 (திட்டப்பிழை 1.55)." மைலேஜைக் கணிக்க மட்டும்தான் மாதிரி வேண்டும் என்றால், தாராளமாகத் தூக்கிவிடுங்கள், எடை ஒன்றே கார்களுக்கிடையிலான மைலேஜ் மாறுபாட்டில் 75 சதவீதத்தைச் சொல்லிவிடுகிறது.