காட்டுத் தேனீக்களும் பூச்சிமருந்தும்: கேள்வி பதில்

பெட்டியில் வளர்க்கும் தேனீக்களைப் பற்றி இன்னொரு நாள் பேசலாம். மண்ணிலும் மரத்திலும் தானாகவே வாழும் தேனீக்களைப் பற்றி வந்த கேள்விகளுக்கு மட்டும் இன்று பதில் தருகிறேன்.

கத்தரி நிறையப் பூக்கிறது, காய் பிடிக்கவில்லை. பக்கத்துத் தோட்டத்தில் தேனீப் பெட்டி இருந்தும் இப்படி ஏன்?

பெட்டித் தேனீ கத்தரிக்குப் பெரிதாக உதவாதுங்க. கத்தரிப் பூவின் மகரந்தப் பைகளில் நுனியில் சின்னத் துளை மட்டும்தான் உண்டு, பூவைப் பிடித்து நன்றாக அதிரவைத்தால்தான் மகரந்தம் கொட்டும். காலையில் செடிப் பக்கம் நின்று பாருங்கள். கருப்பாகப் பெரிதாக ஒரு வண்டு வரும் (மரத்தைத் துளைத்துக் கூடு கட்டுகிற அதுவும் தேனீதான்), இல்லையென்றால் வயிற்றில் நீலப் பட்டை போட்ட தேனீ வரும். பூவைக் கட்டிப் பிடித்துத் தொங்கும்போது, அதுவரை கேட்ட ரீங்காரம் சட்டென்று உச்சத்துக்குப் போகும். மகரந்தம் உதிர்வது அப்போதுதான். இந்தச் சத்தமே கேட்கவில்லை என்றால், காய்ப்புழுவுக்கு எத்தனை முறை மருந்து அடித்தீர்கள் என்று யோசியுங்கள். குட்டைச் சூல்தண்டுப் பூக்கள் (மகரந்தம் ஏற்கும் நடுத்தண்டு குட்டையாக இருப்பவை) எப்படியும் கொட்டத்தான் செய்யும், அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

நான் தெளிப்பதே இல்லை, விதை நேர்த்தி (விதையில் மருந்து பூசி விதைப்பது) மட்டும்தான். அதனால் தேனீக்கு ஆபத்தில்லை, சரிதானே?

இல்லை. விதையில் பூசும் இமிடாகுளோப்ரிட், தயாமீத்தாக்சாம் போன்ற பூச்சிமருந்துகள் எல்லாம் செடிக்குள் ஊடுருவிப் பாயும் ரகம், மகரந்தத்துக்கும் தேனுக்கும் போய்ச் சேரும். விதையில் பூசியதில் செடி எடுத்துக்கொள்வது கொஞ்சம்தான், பெரும்பகுதி மண்ணில் தங்கிவிடும். அந்த மண்ணுக்குள்தான் பல காட்டுத் தேனீக்கள் கூடு தோண்டுகின்றன. ஸ்வீடனில் கடுகு இன எண்ணெய்ப் பயிரில் செய்து 2015-ல் வெளியான ஓர் ஆய்வில், சாதாரண விதை போட்ட 8 வயல்களில் 6-ல் தனித் தேனீக்கள் கூட்டறை கட்டின, குளோதியானிடின் (இதே ரகப் பூச்சிமருந்து) பூசிய விதை போட்ட வயல்களில் ஒன்றில்கூடக் கட்டவில்லை. அங்கேயே வைத்திருந்த பெட்டித் தேனீக்களிடம் சொல்லும்படியான வித்தியாசம் தெரியவில்லை! பெட்டித் தேனீ தப்பித்தால் எல்லாத் தேனீயும் தப்பிக்கும் என்று நம்பியது எவ்வளவு தப்பு என்பது எனக்கு அதில்தான் உறைத்தது. பெட்டியில் ஆயிரக்கணக்கில் வேலைக்காரிகள், கொஞ்சம் செத்தாலும் ராணி முட்டையிட்டு ஈடுகட்டிவிடும், ஆனால் தனித் தேனீக்கு ராணியும் வேலைக்காரியும் அவள் ஒருத்திதான், அவள் வழி தவறினால் அந்தக் கூடு அதோடு முடிந்தது. கனடாவில் பூசணி நடும்போது மண்ணில் இமிடாகுளோப்ரிட் விட்டுப் பார்த்தார்கள் (2021-ல் வெளியானது). பூசணித் தேனீ தோண்டிய கூடுகள் 85 சதவீதம் குறைந்தன.

மருந்து வாடை அடித்தால் தேனீ விலகிப் போகாதா?

போகாது. 2015-ல் வந்த இன்னொரு ஆய்வில், இமிடாகுளோப்ரிடோ தயாமீத்தாக்சாமோ கலந்த சர்க்கரைத் தண்ணீரைத்தான் தேனீக்கள் அதிகம் குடித்தன. அவற்றுக்கு அந்தச் சுவையே தெரிவதில்லை.

சாயங்காலம் அடித்தால் பாதுகாப்பு என்கிறார்களே?

பகலில் அடிப்பதைவிட நல்லது, அதில் சந்தேகமில்லை. ஆனால் அது மாலையில் பெட்டிக்குத் திரும்பும் தேனீயை வைத்துச் சொன்ன யோசனை. நீலப்பட்டைத் தேனீயின் ஆண்களுக்குக் கூடு கிடையாது, பொழுது சாய்ந்ததும் காய்ந்த குச்சியைத் தாடையால் கவ்வியபடி வரிசையாகத் தூங்கும். அந்த நேரத்தில் வரப்பு ஓரம் அடித்தால் மொத்தமும் அவற்றின் மேல்தான். மலைத்தேனீ நிலா வெளிச்சத்திலும் மேயும். அதனால் பயிருக்கு மட்டும் அடியுங்கள், வரப்பை விட்டுவிடுங்கள்.

பூஞ்சாண மருந்தைச் சேர்த்து அடிக்கலாமா? வேப்பெண்ணெய் பரவாயில்லையா?

பூக்கும் சமயத்தில் ஒரே டேங்கில் கலக்கவே கலக்காதீர்கள். புரோபிகோனசோல் மாதிரி பூஞ்சாண மருந்துகள், தேனீ தன் உடம்பில் விஷத்தை முறிக்கும் நொதிகளை முடக்கிவிடும், அப்புறம் சில பூச்சிமருந்துகள் பல மடங்கு வேலை செய்யும். வேம்பு எவ்வளவோ மேல், ஆனால் அதிலுள்ள அசாடிராக்டின் என்ற பொருள் புழுக்கள் தோலுரிப்பதைக் கெடுப்பது, தேனீப் புழுவும் புழுதானே. பூவில் படாமல் அடியுங்கள்.

வரப்பில் பென்சில் பருமனில் ஓட்டைகள், சுற்றிப் பொடிமண். எறும்பா?

தேனீயாகவும் இருக்கலாம். வெயில் ஏறியதும் காலில் மஞ்சள் பொடியோடு ஒன்று உள்ளே போனால் தேனீயேதான். அந்த இடத்தைக் கொத்த வேண்டாம், அங்கே மருந்தும் ஊற்ற வேண்டாம், தும்பை முளைத்திருந்தால் பிடுங்காமல் விடுங்கள்.