கூழ் கொதிக்கும்போது கவனியுங்கள்

கேள்வி: ஹவாயில் எரிமலைக் குழம்பு ஓடுவதை மக்கள் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். பிலிப்பைன்ஸில் பினாடுபோ வெடித்தபோது ஊர் ஊராகக் காலி செய்தார்களாம். இரண்டும் எரிமலைதானே, ஏன் இந்த வித்தியாசம்? பூமிக்கு அடியில் நெருப்புக் குழம்பு கடல் மாதிரி கிடக்கிறதா? ஏழாவது படிக்கும் என் மகன் கேட்கிறான்.
- வாசகி, தேனி

பதில்: மகனுடைய கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். முப்பது வருடம் புவியியல் பாடம் எடுத்தவன் நான். மேலோட்டுக்குக் கீழே எல்லாவற்றையும் சிவப்பாகத் தீட்டிய படத்தைப் பார்த்துவிட்டு, வருடா வருடம் யாராவது ஒரு பிள்ளை இதைக் கேட்காமல் இருந்ததில்லை.

அப்படிக் கடல் எதுவும் இல்லை. மேலோட்டுக்குக் கீழே இருக்கும் கவசம் திடமான பாறைதான். உருகும் அளவுக்குச் சூடு இருந்தும், மேலே கிடக்கும் பாறையின் கனம் அதை உருக விடுவதில்லை. 2,900 கிலோமீட்டர் ஆழத்தில் உருகிய இரும்பு உண்டு. ஆனால் எரிமலைக் குழம்பு அங்கிருந்து வருவதில்லை.

அப்புறம் எப்படி உருகுகிறது? ஹவாய்க்கு அடியில் சூடான பாறை மெல்ல மெல்ல மேலேறி வருகிறது. ஏற ஏற அழுத்தம் குறையும், ஓரளவு உருகும். பினாடுபோ கதை வேறு. அங்கே கடல்தரை, பினாடுபோ இருக்கும் லூசான் தீவுக்கு அடியில் சொருகிக்கொண்டு போகிறது. அதோடு போகும் நீர் ஆழத்தில் வெளியேறி, மேலே உள்ள சூடான பாறையில் கலக்கிறது. நீர் கலந்த பாறை குறைந்த சூட்டிலேயே உருகிவிடும். குச்சி ஐஸ்காரர் ஐஸ்கட்டியில் உப்பு போடுவதை உங்கள் மகனிடம் சொல்லுங்கள். உப்பு பட்ட ஐஸ், பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழேயே உருகும். பாறைக்கு நீர் செய்வதும் அதுதான்.

இனி உங்கள் கேள்வி. அடுப்பில் ரசம் கொதித்தால் குமிழிகள் வந்து சுலபமாக உடைந்து போகின்றன. கேழ்வரகுக் கூழ் கொதித்தால் குமிழி உப்பி, உப்பி, பொத்தென்று வெடித்து கையில் தெறிக்கும். ஹவாய்க் குழம்பு ரசம் மாதிரி. குழம்பைக் கெட்டியாக்குவது சிலிக்கா, மணலில் இருக்கும் அதே பொருள். ஹவாய்க் குழம்பின் எடையில் சிலிக்கா பாதி அளவுதான், சூடும் 1,100 டிகிரி செல்சியஸுக்கு மேல். உள்ளே கரைந்திருக்கும் நீராவியும் மற்ற வாயுக்களும் எளிதாகப் பிரிந்து போய்விடும். குழம்பு வழிந்தோடி, கவிழ்த்து வைத்த தாம்பாளம் போல அகன்ற மலையாக உறையும். பினாடுபோவின் குழம்பில் சிலிக்கா 60 சதவீதத்துக்கு மேல், கூழை விடக் கெட்டி. வாயுவும் அதிகம், அது வெளியேற வழியும் இல்லை. மேலே வந்து அழுத்தம் குறைந்ததும் மொத்தக் குழம்பும் நுரைத்துச் சிதறிவிடும்.

என் மேசையில் ஒரு நுரைக்கல் இருக்கிறது. பழைய மாணவர் ஒருவர் இந்தோனேசியாவிலிருந்து கொண்டுவந்தது. டம்ளர் தண்ணீரில் போட்டால் மிதக்கும். கல் முழுக்க ஓட்டைகள், ஒவ்வொன்றும் ஒரு வாயுக் குமிழி இருந்த இடம். இந்த நுரை இன்னும் நொறுங்கினால் எரிமலைச் சாம்பல். அடுப்புச் சாம்பலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. லென்ஸ் வைத்துப் பார்த்தால் உடைந்த கண்ணாடிச் சில்லுகள்தான் நிறையத் தெரியும்.

பினாடுபோ சுமார் 500 வருடம் அமைதியாக இருந்த மலை. 1991 ஏப்ரலில் புகைய ஆரம்பித்தது, ஜூன் 15ஆம் தேதி வெடித்தது. சாம்பல் சுமார் 35 கிலோமீட்டர் உயரம் போனது. அன்றைக்கே ஒரு புயலும் வந்து சேர்ந்தது. மழையில் நனைந்த சாம்பலின் பாரம் தாங்காமல் கூரைகள் சரிந்தன, இறந்தவர்களில் பலர் அப்படித்தான் இறந்தார்கள். ஆனாலும் பிலிப்பைன்ஸ், அமெரிக்க விஞ்ஞானிகள் நில அதிர்வுகளையும் வாயு அளவையும் இரவு பகலாகக் கவனித்து முன்கூட்டியே எச்சரித்ததால், பல்லாயிரம் பேர் வெளியேறிவிட்டார்கள். குறைந்தது 5,000 உயிர்கள் தப்பியதாகக் கணக்கு. எரிமலை பற்றிப் பேசும்போதெல்லாம் நான் முதலில் சொல்ல விரும்புவது இந்த விஞ்ஞானிகளைத்தான்.

அதற்காக ஹவாயை சாது என்று எண்ண வேண்டாம். 2018இல் அங்குள்ள கிலாவேயா எரிமலையின் குழம்பு சுமார் 700 வீடுகளை மூடிவிட்டது. நடந்தே தப்பித்துவிடலாம். வீட்டைத் தூக்கிக்கொண்டு போக முடியாதே.

கேள்வி: இந்தியாவில் எரிமலை உண்டா?
- வாசகர், நாகப்பட்டினம்

பதில்: உண்டு. அந்தமானில் பாரன் தீவு, போர்ட் பிளேருக்கு வடகிழக்கே சுமார் 140 கிலோமீட்டர். ஆள் குடியிருப்பு கிடையாது. 1787இல் அது சீறியதற்குப் பதிவு இருக்கிறது. நெடுங்காலம் அடங்கியிருந்துவிட்டு, 1991இல் மறுபடியும் விழித்துக்கொண்டது. அங்கேயும் கடல்தரை சொருகுவதுதான் காரணம். 2004 டிசம்பர் 26 காலை உங்கள் கரைக்கு வந்த சுனாமியும் இதே சொருகல் பட்டையில் ஏற்பட்ட பூகம்பத்தால் கிளம்பியதுதான்.